வெள்ளரிக்காய் நறுக்கிய பலகை

மகனே, முதலில் உட்கார். எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு. இதை உட்கார்ந்து படி. நேரில் சொன்னால் என்னைப் பேசி முடிக்க விடமாட்டாய். போனில் சொன்னால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கவரை ஒட்டவில்லை. உன் மனைவி படிக்கட்டும், உன்கூட வேலை பார்க்கிறவர்கள் படிக்கட்டும், அந்தக் கிச்சனில் இப்போது நின்றுகொண்டிருக்கிற பொம்பளைகள் அத்தனை பேரும் படிக்கட்டும். ரகசியமாக வைத்துத்தான் நான் கெட்டேன்.

வருகிற வியாழக்கிழமை எனக்கு அட்மிஷன், மறுநாள் முட்டி ஆபரேஷன். இருபத்திரண்டு வருஷம் ஈரத் தரையில் நின்று நோயாளிகளுக்குச் சமைத்த முட்டி அது, தேயாமல் என்ன செய்யும்? நான் சமைத்த அதே ஆஸ்பத்திரியில்தான் படுக்கப்போகிறேன். அதே கிச்சனிலிருந்துதான் எனக்குத் தட்டு வரும். அந்தக் கிச்சனைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற ஆபீசராக நீ போன மாதம் சேர்ந்தாய். சேர்ந்த அன்று சத்துவாச்சாரியில் நம் தெரு முழுக்க நான் மைசூர்பாகு கொடுத்தேன். "இனிமே அங்க படுக்கிறவங்களுக்குப் பயம் இல்ல, என் பையன் பாத்துக்குவான்" என்று எதிர்வீட்டு அம்மாவிடம் வாய் கிழியப் பேசினேன். அந்த வாய்க்கு நீ நல்ல மரியாதை செய்தாய்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாயே, அதைச் சொல்கிறேன். கறிக்குழம்பைத் தாளிப்பதற்காக உள்ளே போனேன். திரும்பி வந்தால் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஃபைலை விரித்து வைத்துக் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்கிறாய். இடது கையில் ஒரு பேனா, வலது கையில் ஒரு பேனா. ஒரு வரி நீலம், ஒரு வரி கறுப்பு. எட்டிப் பார்த்தேன். திங்கள் காலை ஃபிரிட்ஜ் நாலு டிகிரி, செவ்வாய் காலை நாலு டிகிரி, புதன் காலை நாலு டிகிரி. அன்றைக்கு ஞாயிறு!

"நாளைக்கு ஃபிரிட்ஜ் எவ்ளோ ஜில்லுன்னு இன்னிக்கே உனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன்.

"அய்யோ அம்மா, எப்பவும் நாலுதாம்மா இருக்கும். சும்மா ஃபார்மாலிட்டி."

"அப்ப ரெண்டு பேனா இன்னாத்துக்கு?"

"ஒரே மை இருந்தா ஆடிட்ல கேப்பாங்கமா."

சிரித்துக்கொண்டே சொன்னாய். குழம்புக் கரண்டியோடு நான் இன்னும் குனிந்தேன். அந்தத் தாளில் கடைசிக் கட்டத்தையும் படித்தேன். 'கறிக்குச் சிவப்புப் பலகை, காய்க்குப் பச்சைப் பலகை பயன்படுத்தப்பட்டது.' ஏழு நாளைக்கும் டிக். நான் கத்தினேன், நீயும் கத்தினாய். "எல்லாரும் இப்படித்தாம்மா பண்றாங்க, நீ இன்னா பெரிய யோக்கியமா?" என்று கேட்டுவிட்டு, பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு போய்விட்டாய். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. நான் பெரிய யோக்கியம் இல்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பலகைக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். உன் அப்பா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற மெஷினில் இருந்தார். தடித்த நைலான் பலகை மேல் தோலை விரித்து, அச்சை வைத்து, மெஷினை இறக்கினால் ஷூவுக்கு வேண்டிய துண்டு வரும். அச்சு இறங்கி இறங்கிப் பலகை முழுக்கக் கீறல் விழும். கீறல் ஜாஸ்தியானால் தோல் சுத்தமாக வெட்டாது, ஓரம் பிசிறடிக்கும் என்று பலகையைக் கழித்துவிடுவார்கள். நம் பக்கத்தில் அந்தக் கழித்த பலகை இல்லாத வீடு உண்டா? அளவாக அறுத்துக் கத்திப் பலகை ஆக்கிக்கொள்வோம். கனமாக இருக்கும், நகராது, கத்தி மழுங்காது, பத்து வருஷம் உழைக்கும். உன் அப்பா ஒன்றைக் கம்பெனி பஸ் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பெரிதாக இருந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக் கிச்சனுக்கு எடுத்துப்போனேன். பெருமையாக எடுத்துப்போனேன். அங்கே இருந்த மரப்பலகை வெடித்துப்போயிருந்தது. எல்லோரும், "சூப்பரா இருக்குக்கா" என்றார்கள்.

கலர் பலகைகள் அங்கே இல்லாமல் இல்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் இருந்தன. ஸ்டோர் ரூம் அலமாரியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். யாராவது பார்வைக்கு வருகிறார்கள் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் கலர் பலகைகள் வெளியே வந்து மேஜை மேல் பூ மாதிரி அடுக்கி நிற்கும். நம் பலகை சிங்க்குக்கு அடியில் ஒளியும். அவர்கள் போனதும் இது மேலே, அது உள்ளே. ஒருமுறை நான் பச்சைப் பலகையை எடுத்து வெள்ளரிக்காய் நறுக்கப் போனேன். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஏம்மா, அத எடுக்காதமா! அழுக்காக்கிட்டா இன்ஸ்பெக்ஷனுக்கு இன்னாத்த காட்றது?" நானும் சரி என்று வைத்துவிட்டேன். நோயாளிக்காக வாங்கின பலகையை நோயாளிக்குப் பயன்படுத்தினால் அழுக்காகிவிடுமாம். இதைக் கேட்டு எங்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. பழகிப்போயிருந்தது.

அந்த ஒரே பலகையில்தான் காலையில் கோழி வெட்டுவோம். சோப்புப் போட்டுத் தேய்ப்போம், வெந்நீர் ஊற்றுவோம், கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். அதன் மேலேயே சர்க்கரை நோயாளிகளின் தட்டுக்கு வெள்ளரிக்காய் நறுக்குவோம், சூப்புக்கு மேலே தூவக் கொத்தமல்லி நறுக்குவோம். கோழி வெந்துவிடும். வெள்ளரிக்காய் வேகாது, கொத்தமல்லி வேகாது. நாம் கையால் தேய்க்கிறது கீறலுக்குள் போகாது. இது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. தோல் வெட்டக்கூட லாயக்கில்லை என்று கம்பெனி கழித்த பலகையில் நான் நோயாளிக்குச் சாப்பாடு நறுக்கியிருக்கிறேன். உன் அப்பா சொல்வார், ஷூவில் ஒரு தையல் கோணினால் வெளிநாட்டுக்காரன் பெட்டியோடு திருப்பி அனுப்புவான் என்று. எவனோ ஒருத்தன் காலில் போடுகிற செருப்புக்கு அவ்வளவு பார்வை! பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள்! படுத்த படுக்கையாகக் கிடக்கிற நம் ஊர்க்காரன் வயிற்றுக்குள் போகிறதைப் பார்க்க ஒரு நாதி இல்லை.

பாஷா பாயை உனக்கு நினைவிருக்கும். நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். மேல்விஷாரத்துக்காரர், தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சர்க்கரை, காலில் ஆறாத புண், ஆபரேஷன் செய்து இரண்டு விரல் எடுத்திருந்தார்கள். அவர் மனைவி பாத்திமா தினமும் கிச்சன் ஜன்னலுக்கு வந்து நிற்பாள். "அக்கா, இன்னிக்கு அவருக்குப் பசிக்குதாம்கா. சூப்பு கொஞ்சம் ஜாஸ்தி குடுக்கா." கோழி எங்கே வாங்குகிறோம் என்று முதல் நாளே கேட்டாள். பாய் கடையில்தான் என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டாள். நான் மற்றவர்களுக்கு ஒரு கரண்டி என்றால் அவருக்கு ஒன்றரைக் கரண்டி ஊற்றுவேன். மேலே ஒரு கை கொத்தமல்லி கூடவே தூவுவேன். பாசமாகத்தான் தூவினேன்.

புண் ஆறிக்கொண்டு வந்த மனுஷனுக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு, பிறகு குளிர் ஜுரம், பிறகு கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நீ என்னைக் கூப்பிட்டுப்போக பைக்கில் வருவாய் அல்லவா, அப்படி வந்த ஒரு நாள் சாயந்திரம் பாத்திமா ஒரு காகிதத்தை உன் கையில் கொடுத்து, "தம்பி, இதுல இன்னா எழுதிருக்குன்னு பாரு" என்றாள். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே எழுத்து. நீ அதை விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினாய். "இந்த மருந்துக்குக் கேக்காதுக்கா. இதுக்கும் கேக்காது. இதுக்கும் கேக்காது." கடைசி வரிக்கு வந்ததும் உன் கண் கலங்கிவிட்டது. பைக்கில் வரும்போது அழுதாய். என் தோளுக்கு முன்னால் உன் முதுகு குலுங்கியது எனக்குத் தெரியும். "இப்படி ஒரு கிருமி எங்கேருந்துமா வருது?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தெரியாது.

தெரியவைத்தது ஆஸ்பத்திரியில் கிருமி சோதிக்கிற டாக்டர் அம்மா. யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிச்சனுக்குள் வந்துவிட்டார். பலகை மேஜை மேல் கிடந்தது. ஒளிக்க நேரம் இல்லை. பஞ்சு சுற்றின குச்சியால் பலகையைத் தேய்த்தார், கத்தியைத் தேய்த்தார், நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் நாலு துண்டு எடுத்துக்கொண்டார். சில நாளில் முடிவு வந்தது. பாஷா பாய் ரத்தத்தில் இருந்த அதே வகைக் கிருமி பலகையிலும் இருந்தது, வெள்ளரிக்காயிலும் இருந்தது. "இங்கேருந்துதான் அங்க போச்சுன்னு நூத்துக்கு நூறு நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா போகலன்னும் சொல்ல முடியாது" என்றார். கோழி குஞ்சாக இருக்கும்போதே தீனியிலும் தண்ணீரிலும் மருந்து கலந்து கொடுத்து வளர்க்கிறவர்கள் உண்டு, அதற்குத் தாக்குப்பிடித்த கிருமி கறியோடு கூடவே வரும், நல்ல ஆரோக்கியமானவனை அது ஒன்றும் செய்யாது, தெம்பில்லாமல் கிடக்கிறவனைத்தான் போட்டுத் தள்ளும் என்று பொறுமையாகச் சொன்னார். கோழியை மட்டும் குறை சொல்லவில்லை. மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டு, ஜுரம் விட்டதும் நிறுத்துகிறோமே, அதுவும்தான் என்றார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உனக்குச் சின்ன வயதில் தும்மினாலே அந்தக் கலர் மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுத்தவள் நான்தானே. மிச்சப் பாதியை அடுத்த ஜுரத்துக்கு என்று மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்தவளும் நான்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாத பாதி. ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். சாப்பாட்டுக் கான்ட்ராக்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை விரித்தாயே, அதே மாதிரி ஃபைல். சிவப்புப் பலகை, பச்சைப் பலகை, தினம் தினம் டிக், தினம் தினம் அப்போது இருந்த ஆபீசரின் கையெழுத்து. "அந்தப் பழைய பலகை சிங்க்குக்கு அடியில கெடந்த குப்பை சார், தூக்கிப் போடத்தான் அன்னிக்கு மேஜை மேல எடுத்து வெச்சாங்க, யூஸ்லயே இல்ல" என்றார்கள். பெரிய டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், "நீங்க சொல்லுங்கமா, எந்தப் பலகையில வெட்டுனீங்க?"

பலகையைக் கொண்டுவந்தவள் நான். உண்மையைச் சொன்னால் என் தலையில்தான் விடியும் என்று சூப்பர்வைசர் வராண்டாவிலேயே காதில் ஓதியிருந்தார். வேலை போய்விடும், உன் படிப்பு நின்றுவிடும், ஊர் முழுக்கப் பேர் நாறிவிடும் என்று என்னென்னவோ தலைக்குள் ஓடியது. "கலர் பலகைலதான் சார்" என்றேன். தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான், முடிந்தது. டாக்டர் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போனார். கிச்சன் மேல் குறை இல்லை என்று எழுதிவிட்டார்கள். பலகை காயலான் கடைக்குப் போனது. கலர் பலகைகள் பத்து நாள் வெளியே இருந்தன, பிறகு வேறு ஒரு பழைய பலகை வந்தது. ஒருவருடைய கையெழுத்து மட்டும் நேர்மையாக இருந்திருந்தால், என்னுடையதோ அந்த ஆபீசருடையதோ, அந்த ஃபைல் அன்றைக்கே கிழிந்திருக்கும்.

ஜுரம் கண்ட பதினெட்டாம் நாள் பாஷா பாய் போய்ச்சேர்ந்தார். சாமானை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது பாத்திமா கடைசியாக ஒருமுறை ஜன்னலுக்கு வந்தாள். "அக்கா, நீ குடுத்த சூப்பதான்கா அவரு ஆசையா குடிச்சாரு. நீ நல்லா இருக்கணும்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கையை என்று நினைக்கிறாய்? கையெழுத்துப் போட்ட கையை. அன்றிலிருந்து இன்றுவரை நான் வெள்ளரிக்காய் நறுக்கினால் உன் அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறார். பலகையைப் பஸ்ஸில் கொண்டுவந்தவர் அவர்தானே, ஊர் பேசியதைக் கேட்டிருப்பார்.

உன் மேல் எனக்கு என்ன கோபம் என்றால், நீ என்னை மாதிரி ஒன்றும் தெரியாதவன் இல்லை. எனக்குக் கீறல் மட்டும்தான் தெரிந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நீ நாலு வருஷம் படித்திருக்கிறாய். அந்தக் காகிதத்தை உன் விரலால் தொட்டுப் படித்திருக்கிறாய், அழுதிருக்கிறாய். படித்தவன், பார்த்தவன், அழுதவன், நீயே இரண்டு பேனா வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வேன்? "எல்லாரும் பண்றாங்க" என்கிறாய். எல்லோரும் செய்ததால்தானடா அந்த மனுஷன் மண்ணுக்குள் போனான்! எல்லோரும் செய்கிறதைச் செய்ய உனக்கு எதற்கு டிகிரி, எதற்குக் கழுத்தில் கார்டு? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கான்ட்ராக்ட் கம்பெனி உன்னைக் காப்பாற்றாது. மேஜையில் கத்தி பிடித்து நிற்கிற ஏதாவது ஒரு பொம்பளையைத்தான் கைகாட்டுவார்கள். நீ போட்ட டிக்கைக் காட்டித்தான் அவள் வாயை அடைப்பார்கள். என் வாயை அப்படித்தான் அடைத்தார்கள்.

நேற்று நான் மேல்விஷாரம் போய்விட்டு வந்தேன். முட்டி வலியோடு பஸ் ஏறிப் போனேன். ஆபரேஷன் மேஜையில் படுப்பதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. பாத்திமா வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், பலகையை, கொத்தமல்லியை, நான் சொன்ன பொய்யை, போட்ட கையெழுத்தை. அவள் கையில் ஊசி நின்றுவிட்டது. அழுவாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன். "அத்தன வாட்டி ஜன்னல்ல நின்னேனே, ஒரு வாட்டி சொல்லிருக்கலாமேக்கா" என்றாள். அது மட்டும்தான் சொன்னாள். எனக்கு அவள் நாலு அறை அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் எழுந்து வாசல் வரை வந்த பிறகு கூப்பிட்டாள். அவள் நாத்தனாரை அதே ஆஸ்பத்திரியில் அடுத்த வாரம் சேர்க்கப்போகிறார்களாம். "இப்ப அந்தச் சாப்பாட்டையெல்லாம் யாருக்கா பாக்குறாங்க?" என்று கேட்டாள்.

"என் பையன்தான்" என்றேன்.

அவள் முகம் அப்படியே தெளிந்தது. "யாரு, அன்னிக்கு எனக்குக் காகிதம் படிச்சுக் காட்டுச்சே, அந்தத் தம்பியா? படிக்கச் சொல்லோ கண்ணு கலங்குச்சே, அதுவா? அப்ப பேஜார் இல்லக்கா. தைரியமா சேக்கலாம்."

இரண்டு பேனாவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் அதே பொம்பளையிடம் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே நினைப்புத்தான். முதல் பொய்யை நான் எத்தனை ஜென்மம் எடுத்தாலும் மெய்யாக்க முடியாது. இரண்டாவதை நீ நினைத்தால் முடியும்.

நீ பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். வருகிற திங்கட்கிழமை காலையில் கோழி வெட்டுகிற நேரத்துக்கு, யாரிடமும் சொல்லாமல் கிச்சனுக்குள் போ. எந்தப் பலகையில் வெட்டுகிறாள் என்று அங்கே இருக்கிறவளிடம் மிரட்டாமல் கேள், அவளுக்குத் தைரியம் வருகிற மாதிரி கேள். பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார், விரலால் தடவிப் பார். அலமாரியில் இருக்கிற உறைகளை உன் கையால் கிழி. ஃபிரிட்ஜ் ஒன்பது டிகிரி என்றால் ஒன்பது என்று எழுது, உன் வேலைக்கு ஆபத்து வந்தாலும் எழுது. வேலை போனால் வா, இரண்டு வேளை சோறு போட நானும் உன் அப்பாவும் இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். மறுநாள் மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். எனக்கும் சர்க்கரை இருக்கிறது, அதனால் தட்டில் வெள்ளரிக்காய் வரும். பாஷா பாய் எதுவும் கேட்காமல் சாப்பிட்டார். நானும் கேட்கப்போவதில்லை. அந்த நாளின் தாளில் உன் கையெழுத்து இருந்தால், ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன்.

உன் அம்மா